பூட்டிய அறையும் சோற்றுத் தட்டும்

சொற்களின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லிக்கொடுப்பதே நம் தொழில். ஆயினும் 'நீரிழிவு' என்னும் சொல்லின் முன் நாம் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. சென்ற ஆண்டு, நம் நாற்பத்தாறாம் வயதில், அச்சொல் நம்மைத் தேடி வந்தபோதுதான் நின்று பார்க்க நேர்ந்தது. இழிதல் என்றால் இறங்குதல், கீழ்நோக்கிப் பாய்தல். மலையினின்று அருவி இறங்குவதைச் சங்கப் புலவர்கள் இந்த வினையால் குறித்திருக்கிறார்கள். நீர் ஓயாது இறங்கும் நோய் ஆதலின் நீரிழிவு. கிரேக்கர் இட்ட 'டயாபிடிஸ்' என்ற பெயருக்கும் ஊடே கடந்து செல்வது என்பதே பொருள். இரு மொழியாரும் ஒரே காட்சியைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். ஆனால் இன்றைய வழக்கில் இழிவு என்றால் தாழ்வு, அவமானம். பரிசோதனைத் தாளைக் கையில் வாங்கிய அன்று நம்மைத் தைத்தது இந்த இரண்டாம் பொருள்தான்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1. எடை 82 கிலோ. துறையில் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிற்பகல் தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்றதற்குப் பல்வலி என்று காரணம் சொன்னோம். காய்ச்சல் வந்தால் உரக்கச் சொல்கிறோம். இதை மட்டும் ஏன் குற்றம்போல மறைக்கிறோம்? இக்கேள்வியோடு படிக்கத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. இந்நோயின் வரலாற்றைப் பெரும்பாலும் இன்சுலினின் வரலாறாகவே எழுதுகிறார்கள். நாம் இங்கே பேச விரும்புவது சோற்றுத் தட்டின் வரலாற்றை. நோயாளியின் தட்டை யார் அளந்தார்கள், அவர் உண்டதை யார் கண்காணித்தார்கள் என்பதே நம் கேள்வி.

* * *

சுசுருத சம்கிதை இந்நோயை இரு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று பிறவியிலேயே வருவது, அவர்கள் மெலிந்தவர்கள். மற்றொன்று தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது, அவர்கள் பருத்தவர்கள். இன்றைய மருத்துவம் முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிப்பதோடு இது முற்றும் பொருந்தாவிடினும், நோயாளியின் உடலை உற்று நோக்கிய கண்கள் அதில் தெரிகின்றன. அந்நூல் கூறும் சிகிச்சை இன்னும் சுவையானது. பொருளும் சுற்றமும் இல்லாதவன் செருப்பும் குடையும் இன்றி, பிச்சை ஏற்று உண்டு, நூறு யோசனைக்கு மேல் நடக்க வேண்டும். செல்வன் காட்டுத் தானியங்களை உண்டு மான்களோடு வாழ வேண்டும். வேறு சிலர் கிணறு வெட்ட வேண்டும். குறைவான உணவு, ஓயாத உழைப்பு என்ற இரண்டையும் அவரவர் நிலைக்கேற்ப ஒரு நோன்பாக வகுத்திருக்கிறார்கள். நோயாளி ஊரைவிட்டே நீங்க வேண்டும் என்ற குறிப்பும் அதனுள் அடங்கியிருக்கிறது.

இனிப்பை அறிந்த கருவி அந்நாளில் எறும்பும் நாக்கும்தான். சிறுநீரை எறும்பு மொய்ப்பதை நம் நாட்டு மருத்துவர்கள் கண்டனர். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 1674இல் அதன் தேன்போன்ற சுவையை எழுதினார். நூறாண்டு கழித்து, 1776இல், மேத்யூ டாப்சன் அச்சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சிய வெண்பொருள் சர்க்கரையே என்று காட்டினார். இரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் அவர் இனிப்பைக் கண்டார்.

சர்க்கரை என்று தெரிந்தபின், அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுந்தது. பீரங்கிப்படையின் தலைமை மருத்துவராயிருந்த ஜான் ரோலோ 1797இல் இரண்டு நோயாளிகளின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். முதல்வர் மெரிடித் என்ற பருத்த உடலினரான படைத்தலைவர். தானியமும் காய்கனியும் பெரும்பாலும் விலக்கப்பட்டுப் பாலும் சுண்ணாம்பு நீரும், இரத்தமும் கொழுப்பும் சேர்த்துச் செய்த பண்டமும், நாட்பட்டு ஊசிய கொழுத்த இறைச்சியும் அவருக்குக் கொடுக்கப்பட்டன. சிறுநீரில் சர்க்கரை மறைந்தது, அவர் தேறினார். இரண்டாமவர் அந்த உணவைத் தொடர மறுத்தார், இறந்தார். இந்நோயின் வரலாற்றில் சொன்னபடி கேட்டவர், கேளாதவர் என்ற பிரிவு இங்கே தெளிவாகத் தலைகாட்டுகிறது. ஊசிய இறைச்சியை மறுத்தவரைக் கேளாதவர் என்று சொல்வது நியாயமா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த பெரிய பாடத்தைக் கற்பித்தது ஒரு போர். 1870 செப்டம்பரிலிருந்து 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டிருந்தது. ரொட்டி பங்கிட்டு அளக்கப்பட்டது, நகரம் பசித்தது. அந்நாட்களில் அப்பொலினேர் பூஷார்தா என்ற மருத்துவர், தம் நீரிழிவு நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை அறவே நின்றுபோனதைக் கண்டார். எதை உண்பது என்பதோடு எவ்வளவு உண்பது என்பதும் முதன்மையானது என்று அவர் முடிவுசெய்தார்; உடலுழைப்பையும் மருந்தாக வலியுறுத்தினார். முற்றுகையில் கிடைத்த இந்த உண்மைக்குப் பின்னாளில் ஒரு மறுபிறவி உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

உண்மை கையில் கிடைத்ததும் அதை நடைமுறைப்படுத்தும் வேகமும் வந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் ஆர்னால்டோ கந்தானி கொழுப்பற்ற இறைச்சியும் பட்டினி நாட்களும் கொண்ட கடும் உணவுமுறையை வகுத்தார். நோயாளிகள் திருட்டுத்தனமாக உண்பார்கள் என்பதால் அவர்களை அறையில் வைத்துப் பூட்டினார்.

* * *

பூட்டிய அறை என்ற சொல்லில் நம் வாசிப்பு நின்றுவிட்டது. காரணம், எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தது.

எங்கள் தந்தையார் பள்ளி ஆசிரியர். எண்பதுகளின் இறுதியில் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. காலையில் கொல்லைப்புறத் திண்ணையில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சோதனைக்குழாயில் பெனடிக்ட் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார். நீலமாகவே இருந்தால் நல்ல நாள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் அன்று வீட்டில் எவரும் பேசமாட்டோம். அம்மா சோற்றை அளந்து வைப்பார். எங்களுக்கு இட்லி, அவருக்குச் சப்பாத்தி. எங்களுக்குப் பொங்கல், அவருக்குக் கேழ்வரகுக் கூழ். வெல்லமும் சர்க்கரையும் நெல் குதிர் இருந்த உள்ளறையில் பூட்டி வைக்கப்பட்டன. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது.

1991ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், பூட்ட மறந்த அந்த அறையில் தந்தையார் ஓர் அச்சுவெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டில் நிற்பதை நாம் பார்த்தோம். நமக்குப் பன்னிரண்டு வயது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னோம். வீடு கூடியது. அன்று வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கி வந்த மனிதர், வெல்லத்தை மாடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வெளியே போனார். நெடுநாள் நாம் அதை நாம் செய்த நன்மை என்றே எண்ணியிருந்தோம். பின்னர்க் காலில் புண் வந்து ஆறாமல், 2001இல் அவர் மறைந்தபோதும், 'சொன்னால் கேட்டாரா' என்ற சொல்லே வீட்டில் ஒலித்தது.

* * *

1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்குக் கடும் நீரிழிவு கண்டது. நோயின் வேர் கணையத்தில் இருப்பது தெரிந்தது. ஆனால் கணையம் சுரப்பதைப் பிரித்தெடுக்க மேலும் முப்பதாண்டுகளுக்கு மேலாயின. அந்த இடைக்காலத்தில் பட்டினியே மருந்து. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் 1914 முதல் ஃபிரெடரிக் ஆலன் நடத்திய சிகிச்சையில், சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை நோயாளி உண்ணக் கூடாது. பின்னர் மும்முறை வேகவைத்து நீரை இறுத்துச் சத்து நீக்கிய காய்கறிகளில் தொடங்கி, சிறிது சிறிதாக உணவு கூட்டப்படும். சர்க்கரை தலைகாட்டினால் மீண்டும் பட்டினி. கணையம் அறவே செயலிழந்த சிறுவர்க்கு இது சாவைத் தள்ளிப்போடும் வழியே. அதற்கு மேல் கொடுக்க அன்று எவரிடமும் ஒன்றுமில்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஆலனின் பதிவுகளில் பார்வையிழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வருகிறான். தனி அறையில் வைத்துக் காத்தும் அவனுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. விசாரித்ததில், அவன் பற்பசையையும், கூண்டுப் பறவைக்கு வைத்த தீனியையும் தின்றது தெரியவந்தது. அவனும் பிழைக்கவில்லை. இப்பகுதியைப் படித்த இரவு, உள்ளறை இருட்டும் அச்சுவெல்லமும் நம் கண்முன் வந்தன. திருட்டு என்று நாம் பெயரிட்டது பசி என்பது, அதைக் கண்ட முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் நமக்கு விளங்கியது.

1921 கோடையில் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் மக்லியோடின் ஆய்வகத்தில் பணியைத் தொடங்கினர். 1922 ஜனவரி 11 அன்று பதினான்கு வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது, பெரும்பயன் இல்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23இல் செலுத்தப்பட்டபோது சர்க்கரை இறங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஆலனின் நோயாளியான எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி டொரான்டோ வந்தாள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். பதினோராம் வயதில் நோய் கண்டு, மூன்றாண்டுப் பட்டினிக்குப் பின் அவள் எடை 45 பவுண்டு, ஏறக்குறைய 20 கிலோ. இன்சுலின் பெற்று, வயிறார உண்டு, வளர்ந்து, மணம்புரிந்து, 1981 வரை வாழ்ந்தார். ஆனால் தம் நோயைப் பிறர் அறியாதவாறு வாழ்நாள் முழுதும் மறைத்தே வைத்திருந்தார். மருத்துவ வரலாற்றின் பெருவெற்றிக்குச் சான்றாக வாழ்ந்தவரே அதைச் சொல்ல விரும்பவில்லை. பல்வலி என்று பொய் சொன்ன நமக்கு அது வியப்பளிக்கவில்லை.

* * *

பூட்டை முதலில் திறந்தவர்களுள் ஒருவராக நாம் பாஸ்டன் நகரத்து எலியட் ஜாஸ்லினைக் கருதுகிறோம். ஆலனின் பட்டினியை அவரும் கையாண்டவரே. ஆயினும் 1918இல் அவர் நோயாளியும் படிக்கும்படி ஒரு கையேட்டை எழுதினார். உணவை எடைபோடவும் சிறுநீரைச் சோதிக்கவும் நோயாளியே கற்க வேண்டும் என்றார். இரத்தச் சர்க்கரையை அளப்பது மட்டும் நெடுநாள் மருத்துவமனைக்கே உரியதாயிருந்தது. அதை உடைத்ததில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளருக்குப் பங்குண்டு. பன்னிரண்டு வயது முதல் நோயாளியான அவர், மருத்துவமனைகளுக்கெனச் செய்யப்பட்ட ஒரு கருவியை, மருத்துவரான தம் மனைவியின் பெயரில் 1969இல் வாங்கினார். நாள்தோறும் பலமுறை அளந்து, எந்த உணவு தம்மை எப்படி ஏற்றுகிறது என்று தாமே கண்டறிந்தார். இதழ்கள் அவர் எழுத்தை ஏற்காதபோது, நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். முதல் வகை நோயோடு தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். அவர் சொன்ன மிகக் குறைந்த மாவுச்சத்து உணவு எல்லார்க்கும் ஏற்றதா என்பது தனி விவாதம். நாம் கருதுவது வேறு. அளவுகோல் நோயாளியின் கைக்கு வந்தபோது, அளவு தீர்ப்பாக இல்லாமல் செய்தியாக மாறியது.

இனி நம் ஊருக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1948இல் பேராசிரியர் மு. விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். சோற்றை அறவே விலக்கச் சொல்லாமல், நார்ச்சத்து மிகுந்த காய்கறி, பயறு வகைகளோடு நம் உணவை இணைக்கும் வழியை வற்புறுத்தியவர் அவர். நம் உடலின் இயல்பு குறித்த தெளிவு பின்னர் வந்தது. 2004இல் 'லான்செட்' இதழில் புணேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டனர். இருவருக்கும் உயர எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் பொதுவாக 25 எனக் கொள்ளப்படும் மிகை எடையின் எல்லை நமக்கு 23 ஆகக் குறைக்கப்பட்டது. இடுப்புச் சுற்று ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்றும் வகுக்கப்பட்டது.

நடையும் உணவும் நோயைத் தடுக்குமா என்பதற்கும் சான்றுகள் வந்தன. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் குறிக்கோளாக வைக்கப்பட்டன. நோய் வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது. 2006இல் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நோயின் வாயிலில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுகளில் நோயாளியாயினர். உணவையும் நடையையும் ஒழுங்குசெய்தவர்களில் 39 விழுக்காட்டினர். இதில் இரு செய்திகள் உள்ளன. முயற்சி பயன்தருகிறது என்பது ஒன்று. முயன்றவர்களிலும் நூற்றுக்கு முப்பத்தொன்பது பேருக்கு நோய் வந்தே தீர்ந்தது என்பது மற்றொன்று. 'வாயைக் கட்டியிருந்தால் வந்திருக்காது' என்று எளிதில் சொல்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் பார்க்க வேண்டும்.

பாரிஸ் முற்றுகைக்கு மறுபிறவி உண்டு என்றோமே, அது 2017இல் வந்தது. ராய் டெய்லர், மைக் லீன் ஆகியோர் தலைமையில் பிரிட்டனில் நடந்த ஆய்வில், நோய் கண்டு ஆறாண்டு தாண்டாத, இன்சுலின் போடாத இரண்டாம் வகை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி உணவு மட்டும் தரப்பட்டது. ஓராண்டின் முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தனர். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினர். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைய, இன்சுலின் சுரப்பு மீள்கிறது என்பது டெய்லரின் விளக்கம். இரண்டாம் ஆண்டில் அந்த 46 என்பது 36 ஆனது. எடை திரும்பினால் நோயும் திரும்பும். ஆகவே இதைக் குணம் என்று சொல்லாமல் தணிவு என்றே சொல்கிறார்கள். பூஷார்தா கண்டதும் இதையே. ஆனால் இம்முறை வாசலில் படை இல்லை, அறைக்குப் பூட்டு இல்லை. நோயாளிகள் தாமாக ஒப்புக்கொண்டு வந்தார்கள். வழுக்கியவர்க்கு உதவி கிடைத்தது.

* * *

நம் கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். மருத்துவர் எழுதிய மெட்ஃபார்மினை உண்கிறோம். பாதித் தட்டுக்குப் பொரியலும் கீரையும், கால் தட்டுக்குப் பருப்போ சுண்டலோ மீனோ, எஞ்சிய காலில் சோறு. மாலையில் நாற்பத்தைந்து நிமிடம், இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடை. உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சில நாட்கள் விரலைக் குத்திப் பார்த்தபோது, எங்கள் வீடு மருந்தென்று நம்பிய கேழ்வரகுக் கூழ் நமக்கு 212 காட்டியது. காய்கறியோடு அளவாக உண்ட சோறு 150ஐத் தாண்டவில்லை. கோதுமையும் கேழ்வரகும் மாவுச்சத்தே. அவற்றுக்கும் அளவு உண்டு. தந்தையாரின் தட்டில் நாங்கள் மாற்றியது பெயரை மட்டும்தான் போலும். எட்டு மாதத்தில் எடை 75 கிலோ, ஹெச்பிஏ1சி 6.5. இவை நம் உடலின் எண்கள். பிறர்க்கு இப்படியே அமையும் என்பதில்லை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோ கொள்பவர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் ஒரு தட்டு தனியாக வைக்கப்படுகிறது. அதை வைப்பவர் எந்தக் குரலில் வைக்கிறார் என்பதும் சிகிச்சையின் பகுதிதான் என்று இவ்வரலாறு நமக்குக் கற்பித்தது.

கல்லூரியில் இப்போது உண்மையைச் சொல்லிவிட்டோம். சொன்ன மறுநாள் துறையில் இன்னும் இருவர் தங்களுக்கும் உண்டு என்றார்கள். அவர்களும் இவ்வளவு நாள் தேநீரைத்தான் தவிர்த்து வந்திருக்கிறார்கள்.

வீட்டில் அம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது. உள்ளறைக்குப் பூட்டு இல்லை. இந்தப் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தோடு நம் இலையருகே வந்து நின்றார். சற்றுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தந்தையாரிடம் நாங்கள் எவரும் ஒருமுறைகூடக் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"எவ்வளவுப்பா போடட்டும்?"

ஒரு கரண்டி போதும் என்றோம்.